விலை ஏன் குறைவு? சென்னையில் முதல் வீட்டுக்கு ஏரியா தேடிய அனுபவம்

வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் என் மாமியாரின் கைப்பையில் ஒரு காலி தண்ணீர் பாட்டில் இருக்கும். தரகர் ஹாலின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், ஜன்னலைத் திறந்து காற்று வருவதைக் காட்டுவார். அத்தை அதையெல்லாம் காதில் வாங்காமல் சமையலறைக் குழாய்க்குப் போய் பாட்டிலை நிரப்பிக்கொள்வார். அன்று ராத்திரி அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் துவரம்பருப்பு குக்கரில் ஏறும். நான்கு விசில். மூடியைத் திறந்து கரண்டியால் மசித்துப் பார்ப்பார். மசியவில்லை என்றால் அந்த வீடு அவ்வளவுதான். "ஏம்மா, இந்தத் தண்ணியில இருபது வருஷம் யாரு பருப்பு வேகவைக்கிறது?"

முதல் இரண்டு முறை எனக்கும் என் கணவருக்கும் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது முறை, மேடவாக்கம் பக்கம் பார்த்த ஒரு புத்தம் புது வீட்டின் தண்ணீரில், ஆறு விசிலுக்கும் பருப்பு முத்து முத்தாகக் கிடந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தேன், முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதை விட்டுப் பார்த்தால் 2,300. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. அந்த வீடு நாங்கள் அதுவரை பார்த்தவற்றில் சதுர அடிக்கு அறுநூறு ரூபாய் குறைவு. ஏன் குறைவு என்பது குக்கரைத் திறந்தபோதுதான் புரிந்தது.

பத்து மாதம் அலைந்து நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். சென்னையில் ஒரு இடம் பக்கத்து இடத்தைவிட மலிவாகக் கிடைத்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் விற்பவருக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், அங்கே இஸ்திரி போடுபவருக்கும் தெரியும். தெரியாதவர் நாம் ஒருவர்தான். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதோடு நம்மால் காலம் தள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். சில காரணங்களோடு முடியும், சிலவற்றோடு முடியவே முடியாது.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் தேட ஆரம்பித்தபோது வில்லிவாக்கத்தில் 14,000 ரூபாய் வாடகையில் இருந்தோம். எனக்கு பாரிமுனையில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. அவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில். ஒரு மகள், அப்போது நான்காம் வகுப்பு. கார் இல்லை, ஒரே ஒரு ஸ்கூட்டி.

வங்கியில் எங்கள் இருவர் சம்பளத்தையும் பார்த்துவிட்டு 42 லட்சம் வரை தரலாம் என்றார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் அண்ணா நகர் மேற்கில் வீடு பார்க்க ஆசை வந்தது உண்மை. நல்லவேளையாக அத்தை ஒரு கணக்குக் கேட்டார்: "வாடகை போக மாசம் எவ்வளவு சீட்டுக்குக் கட்டறீங்க?" 13,000. வாடகையும் சீட்டும் சேர்த்து 27,000. அதுவரை தடுமாறாமல் கட்டி வந்த தொகை அதுதான், அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் அது வெறும் நம்பிக்கை. 30 லட்சம் கடன், 8.6% வட்டி, இருபது வருஷம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,200. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

கையில் இருக்க வேண்டிய பணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90% வரை தரலாம், 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. பத்திரச் செலவு இந்த மதிப்பில் சேராது. பழைய வீடு வாங்கினால் 7% முத்திரைத்தீர்வை, 2% பதிவுக் கட்டணம், மொத்தம் 9% நம் பையிலிருந்து போகும். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஜிஎஸ்டி வேறு: 45 லட்சத்துக்குள், கார்ப்பெட் ஏரியா (சுவர்களுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு) 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1%, மற்றதற்கு 5%. கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. இதையெல்லாம் கூட்டிக் கழித்ததில் எங்கள் வீட்டின் விலை 38 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வந்தது. 38 லட்சத்துக்கு 8 லட்சம் எங்கள் பங்கு, பத்திரச் செலவு 3 லட்சத்து 42 ஆயிரம், தரகு, வக்கீல், பெயின்ட் என்று 13 லட்சம் கையில் வேண்டும். இருந்தது, அத்தையின் வளையலையும் சேர்த்து.

விலை தெரிந்ததும் வரைபடத்தை எடுத்து வட்டம் போடுவார்கள். சென்னையில் வட்டம் உதவாது, கோடுதான் போட வேண்டும். வேலைக்குப் போகும் வழி ரயிலா, மெட்ரோவா, பஸ்ஸா என்று பார்த்து அந்தக் கோட்டில் தேட வேண்டும். எங்களுக்கு இரண்டு கோடு. ஒன்று தாம்பரம் வழி. அவருக்குக் கிண்டி நேர் வண்டி, எனக்குக் கோட்டை ஸ்டேஷன். இன்னொன்று ஆவடி வழி. எனக்கு சென்ட்ரல், அவருக்கு சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் கிண்டி. ஓஎம்ஆர், மாங்காடு, குன்றத்தூர் பக்கமெல்லாம் போய்ப் பார்த்தோம், பொழுது போனதுதான் மிச்சம்.

கோட்டில் தள்ளித் தள்ளிப் போகப் போக விலை குறையும். எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டேன். திருநின்றவூரில் 31 லட்சத்துக்கு ஒரு வீடு வந்தது, எங்கள் வரம்பைவிட 7 லட்சம் குறைவு. தவணையில் மாதம் 6,100 மிச்சம். ஆனால் ஸ்டேஷனுக்கு மூன்று கிலோமீட்டர், எங்கள் இருவருக்கும் ஷேர் ஆட்டோ மாதம் 2,000. மகளுக்குப் பள்ளி வேன் 1,500 கூடுதல். அங்கே குடியிருப்பவர்கள் சொன்னபடி கோடையில் லாரித் தண்ணீருக்கு ஒரு வீட்டுக்கு மாதம் 1,200. கடைசியில் மிஞ்சுவது 1,400 ரூபாய். அந்த 1,400க்காக ஆளுக்குத் தினம் எழுபது நிமிடம் கூடுதலாக வண்டியில் நிற்க வேண்டும். வேண்டாம் என்று விட்டோம். வீட்டிலேயே இருந்து வேலை செய்பவருக்கு இதே கணக்கு நேர்மாறாக வரும், அவர் திருநின்றவூரைத் தாராளமாக வாங்கலாம். தூரம் என்பது எங்களுக்குக் குறை, அவருக்கு ஒன்றுமில்லை.

இப்போது முடிச்சூர் கதை.

2023 நவம்பரில் முடிச்சூர் பக்கம் முதல் மாடியில் ஒரு வீடு, 36 லட்சம். அகலமான தெரு, வாசலில் வேப்பமரம், பருப்பும் மூன்று விசிலில் வெந்தது. 2015 வெள்ளத்தில் அந்தப் பக்கம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியாமலில்லை. அந்த டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது, அடையாறு பெருக்கெடுத்தது. தரகர், "அதுக்கப்புறம் கால்வாய் கட்டிட்டாங்க மேடம், இப்ப ஒரு சொட்டு நிக்காது. அதோட நீங்க முதல் மாடி" என்றார். கால்வாய் கட்டியது நிஜம், போய்ப் பார்த்தோம். டிசம்பர் 6, புதன்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

திங்கட்கிழமை மிக்ஜாம் புயல் வந்தது.

சனிக்கிழமை அங்கே போனோம். தெருவில் காம்பவுண்ட் சுவர்கள் முழுக்க மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் ஃபிரிட்ஜை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். நாங்கள் வாங்கவிருந்த கட்டடத்தின் சுவரில் என் இடுப்புக்கு நேராக ஒரு பழுப்புக் கோடு. முதல் மாடி வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை, தரகர் சொன்னது சரிதான். ஆனால் மின்சார மீட்டர்கள் எல்லாம் கீழே படிக்கட்டுக்கு அடியில் இருந்தன. மோட்டார் கீழே, சம்ப் கீழே. சம்புக்குள் சாக்கடைத் தண்ணீர் போய்விட்டிருந்தது. நான்கு நாள் மின்சாரம் இல்லை, மாடியில் இருந்தவர்களும் படகில்தான் வெளியே வந்தார்களாம். எதிர்வீட்டு அம்மா வாசலைக் கழுவிக்கொண்டே, "2015ல இதோ இது வரைக்கும்" என்று கழுத்தைக் காட்டினார். "இந்தத் தடவை பரவாயில்ல" என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

எல்லோருக்கும் இப்படிச் சரியான நேரத்தில் புயல் வந்து காப்பாற்றாது. ஆகவே வெயில் காலத்திலேயே வெள்ளத்தைப் பார்க்கப் பழக வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தவை இவை. பழைய வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்து இருக்கிறதா? சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே மறுபடி தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிடும், வீடு பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். உள்ளே போக இரண்டு படி இறங்க வேண்டிய தெரு என்றால் மழைத் தண்ணீரும் அதே படியில்தான் இறங்கும். இரும்புக் கேட்டின் அடிப்பகுதி மட்டும் துருப்பிடித்து, மேலே பெயின்ட் நன்றாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். தரைத்தளச் சுவர் ஓர் உயரம் வரை மட்டும் புது பெயின்டாக இருந்தாலும் அதே கேள்விதான். மின்வாரியப் பெட்டியை உயரமான மேடை கட்டி அதன் மேல் ஏற்றி வைத்திருந்தால், மின்வாரியக்காரர் ஏற்கெனவே பட்டிருக்கிறார் என்று அர்த்தம். மழை எச்சரிக்கை வந்தவுடன் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தும் வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்களைப் பார்த்து ஊரே கேலி செய்கிறது. என்னைக் கேட்டால் அவர்கள்தான் தங்கள் ஏரியாவைப் படித்தவர்கள்.

ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தாங்கல், ஏந்தல் என்றாலே சிறிய ஏரி. ஏரிக்கரைத் தெரு, மதகுத் தெரு, கலங்கல் என்றெல்லாம் வந்தால் தண்ணீர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் 1920களில் தி.நகராகிவிட்டது. மொகப்பேரில் அரசாங்கமே 'ஏரித் திட்டம்' என்று பெயர் வைத்தது. அதற்காக இப்படிப் பெயருள்ள இடமெல்லாம் ஆகாது என்று சொல்ல வரவில்லை, அப்படிப் பார்த்தால் சென்னையில் பாதி ஊர் தேறாது. பெயரைப் பார்த்தால் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள், அவ்வளவுதான். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படம் கிடைக்கிறது. 2000களின் தொடக்கத்துக்குப் போய், நீங்கள் வாங்கப்போகும் மனை அப்போது என்ன நிறத்தில் இருந்தது என்று பாருங்கள்.

யாரிடம் கேட்பது? தரகரிடம் வேண்டாம், வாங்கிக் குடியிருப்பவரிடமும் முழு உண்மை வராது, அவருக்கும் ஒரு நாள் விற்க வேண்டியிருக்கும். இஸ்திரி வண்டிக்காரர், கேன் தண்ணீர் போடும் பையன், பால் பூத் அம்மா, பிளம்பர் இவர்களிடம் கேளுங்கள். இவர்களுக்கு நீங்கள் வாங்கினாலும் ஒன்றுதான், வாங்காவிட்டாலும் ஒன்றுதான். "தண்ணி நிக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் வரும். வருஷம் சொல்லிக் கேட்க வேண்டும். "அண்ணா, 2015ல வண்டிய எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டால் கதை தானாக வரும். 2015 வெள்ளம், 2019 வறட்சி, 2023 புயல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது அந்தத் தெரு என்ன செய்தது, போர்வெல் எத்தனை அடியில் நின்றது, லாரி எத்தனை நாளைக்கு ஒரு முறை வந்தது? கேன் போடும் பையன் எங்களிடம் ஒரு கட்டடத்தைக் காட்டி, "இங்க மட்டும் வீட்டுக்கு வாரம் ஏழு கேன் போகும், பக்கத்துல மூணுதான்" என்றான். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கழிவுநீரையும் கேட்டுவிடுங்கள், பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு வீட்டுக்கு வந்திருக்கிறதா, செப்டிக் டேங்கா? டேங்க் என்றால் லாரி மாதம் எத்தனை முறை வருகிறது, மழைக்காலத்தில் எத்தனை முறை? "சீக்கிரம் கனெக்‌ஷன் குடுத்துடுவாங்க" என்றால் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளிலிருந்து ஓரளவு தூரத்தில் இருந்தாலும் காற்றடிக்கும் திசையைப் பார்க்க வேண்டும், அதுவும் சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்புறம், தரகர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறு பதினோரு மணிக்குச் சென்னையில் எல்லா ஏரியாவும் நல்ல ஏரியாதான். பிடித்துப்போன இடத்துக்கு நாங்கள் இரண்டு முறை தனியாகப் போனோம். ஒரு திங்கட்கிழமை காலை, அங்கிருந்து வேலைக்குப் போவதுபோலவே 7.40க்கு அந்தத் தெருவிலிருந்து நடந்து, வரிசையில் நின்று, வண்டி ஏறி, பாரிமுனைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறேன் என்று பார்த்தேன். வரைபடம் 50 நிமிடம் என்றது, எனக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. இன்னொன்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி நான் மட்டும் தனியாக நடந்தது. அவர் பத்தடி பின்னால் வந்தார். எத்தனை தெருவிளக்கு எரிகிறது, டாஸ்மாக் எந்த முனையில், நாய்கள் எத்தனை, எந்தக் கடை அந்த நேரத்திலும் திறந்திருக்கிறது? ஒரு மருந்துக்கடையும் ஒரு இட்லிக் கடையும் பத்து மணிக்குத் திறந்திருக்கும் தெருவில் எனக்குப் பயமில்லை. இதைக் கணவன்மார் எவ்வளவு சொன்னாலும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்களே நடந்து பாருங்கள்.

நடக்கும்போது 'டு லெட்' பலகைகளை எண்ணுங்கள். ஒரே தெருவில் ஏழெட்டு பலகை தொங்கினால் வாடகைக்காரர்கள் ஓடுகிறார்கள், அவர்களுக்குத்தான் ஓடுவது சுலபம். வாடகை எவ்வளவு என்றும் விசாரியுங்கள். விற்கும் விலை இரண்டு ஏரியாவிலும் ஒன்றாக இருந்து, வாடகை ஒன்றில் மட்டும் மூவாயிரம் குறைவாக இருந்தால், அந்த விலையில் ஏதோ கற்பனை கலந்திருக்கிறது.

கற்பனை என்றதும் மெட்ரோ ஞாபகம் வருகிறது. "மெட்ரோ வருது மேடம்" என்ற வாக்கியத்துக்குச் சென்னையில் சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் விலை. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. அப்போதே தூண் எழும்பி நின்ற பூந்தமல்லி பக்கம் சொன்னது வேறு, திட்ட அறிக்கையை மட்டும் காட்டி விலை சொல்வது வேறு. பரந்தூரில் விமான நிலையம் வருகிறது என்று அங்கிருந்து வெகுதொலைவில் இருக்கும் மனையைக்கூட விற்கிறார்கள். நான் வைத்துக்கொண்ட வழக்கம், வரப்போவதற்குப் பணம் கொடுப்பதில்லை. வந்தால் லாபம், அவ்வளவுதான்.

காகித வேலைக்கு வக்கீல் இருக்கிறார். ஆனால் வக்கீலிடம் போகும் முன்பே ஏரியாவைப் பற்றி நாமே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில் சர்வே எண்ணை வாங்குங்கள். அதைச் சொல்ல இழுக்கும் தரகரிடம் அடுத்த கேள்வியே வேண்டாம். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் வரும், புறம்போக்கா என்று சரிபார்க்கவும் வழி உண்டு. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால், ஓடை என்று எதையாவது பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். உங்கள் மனை மட்டுமில்லை, பக்கத்து சர்வே எண்களையும் பாருங்கள். பக்கத்தில் ஓடை என்றால் மழையில் அது உங்களைத் தேடி வரும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் எதிரில் இருக்கும் காலி இடம் குடியிருப்பா, தொழிற்சாலைக்கா என்று தெரிந்துவிடும்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைப் பணம் கட்டாமலே பார்க்கலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்களுக்கு விற்கும் வீட்டை மட்டும் பார்க்காமல் அந்த சர்வே எண் முழுவதற்கும் பார்த்தால், அதே கட்டடத்தில் மற்றவர்கள் என்ன விலைக்குப் பத்திரம் போட்டார்கள், எந்தெந்த வங்கி கடன் கொடுத்தது என்று வரிசையாக வரும். மாங்காட்டில் ஒரு கட்டடம், பன்னிரண்டு வீடு, நான்கு வருஷம் ஆனது. வில்லங்கத்தில் ஒரு வங்கியின் பெயர்கூட இல்லை. பன்னிரண்டு பேரும் ரொக்கம் கொடுத்து வாங்கும் அளவுக்கு வசதியானவர்களா? விசாரித்தால் நிலத்தின் மேல் பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. அங்கே விலை குறைவுக்குக் காரணம் அது. வழக்கோடு குடித்தனம் நடத்த எங்களால் முடியாது. புதுக் கட்டடம் என்றால், எட்டு வீட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ இருந்தால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கட்டாயம், அதையும் பார்த்துவிடுங்கள். யூடிஎஸ், அதாவது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் பங்கு, எவ்வளவு என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இருபது வருஷம் கழித்துக் கட்டடத்துக்கு விலை இருக்காது, அந்த நிலப் பங்குக்குத்தான் விலை.

நாங்கள் கடைசியில் வாங்கியது திருமுல்லைவாயலில். ஒன்பது வருஷப் பழைய கட்டடம், முதல் மாடி, 760 சதுர அடி, யூடிஎஸ் 390. சொன்ன விலை 41 லட்சம், ஏரியாவுக்கு அதுவே கொஞ்சம் குறைவு. வழக்கம்போல ஏன் என்று தேடினோம். லிஃப்ட் இல்லை. சந்து பன்னிரண்டு அடி, உள்ளே கார் வந்தால் திரும்ப முடியாது. பால்கனியிலிருந்து ரயில் பாதை தெரியும். அன்னனூரில் ரயில் பணிமனை இருப்பதால் விடியற்காலை நாலு மணிக்கே காலி வண்டிகள் கிளம்பிவிடும். மூன்று காரணமும் எங்கள் முன் பளிச்சென்று நின்றன, ஒளிந்திருக்கும் நான்காவது காரணம் எதுவும் சிக்கவில்லை.

லிஃப்ட் பற்றி அத்தைதான் முடிவு சொல்ல வேண்டும். பதினெட்டு படி. ஒரு முறை ஏறினார், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், மறுபடி இறங்கி ஏறினார். "சரி, கைப்பிடி இருக்கு" என்றார். கார் எங்களிடம் இல்லை, இருபது வருஷத்துக்கு வாங்கும் எண்ணமும் இல்லை. சத்தத்துக்காக வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு ஒரு ராத்திரி பால்கனியில் உட்கார்ந்தோம். ஜன்னல் கட்டையில் வைத்த காபி டம்ளர் ஒவ்வொரு வண்டிக்கும் மெல்ல நடுங்கியது. மகள் ஒரு மணி நேரத்தில் பதினேழு வண்டி எண்ணிவிட்டு அங்கேயே தூங்கிப்போனாள், அது எங்களுக்கு நல்ல பதிலாக இருந்தது. விலை பேசும்போது ஓர் எக்ஸ்பிரஸ் போனது. வீட்டுக்காரரே பேச்சை நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருந்தார். அந்த எக்ஸ்பிரஸ்ஸால்தான் கடைசி ஒரு லட்சம் குறைந்தது என்று என் கணவர் இன்றும் சொல்வார். 38 லட்சத்தில் முடிந்தது. 2024 ஜூனில் பத்திரம், பேசிய முழுத் தொகைக்கும் போட்டோம்.

அந்த அக்டோபரில் கனமழை வந்து பள்ளிக்கு விடுமுறை விட்டபோது, காலையில் குடையோடு தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். முனையில் கணுக்கால் அளவு தண்ணீர். மூன்று மணி நேரம் கழித்துப் போனபோது வடிந்திருந்தது. தண்ணீருக்கு டிடிஎஸ் 640, குடிக்க கேன்தான் வாங்குகிறோம், பருப்பு நான்காவது விசிலில் வேகிறது.

இப்போது அத்தையின் தங்கை மகன் பூந்தமல்லி பக்கம் வீடு பார்க்கிறான். போன ஞாயிறு அத்தையையும் கூப்பிட்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை பார்க்கக் கூடாதுன்னு தெரியுமில்ல அத்தை" என்றேன். "குழாய்க்கு என்னம்மா ஞாயிறு, திங்கள்" என்று பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.